காட்பாடி பக்கம் இருக்கும் ஸ்மால் பிளேட்ஸ் ஓட்டல் எப்படி? போனவர்கள் சொல்லுங்கள்

பாலாற்றங்கரை:
எந்த ஓட்டலைச் சொல்கிறேன் என்று வேலூர்க்காரர்களுக்குப் புரிந்திருக்கும். பெயர் வேண்டாம். சனி, ஞாயிறு இரவில் வாசலில் பெயர் கொடுத்துவிட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவு கூட்டம். சாப்பாடு, டிபன் என்று எதுவும் கிடையாது. கோலா உருண்டை, மூளை மிளகு வறுவல், கத்தரிக்காய், கடுகு மீன், இறால் என்று ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலத் தட்டில் வரும். நடுவில் வைத்து எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

ஒரு வாரநாள் சாயங்காலம் நானும் மனைவியும் போனோம். ஒரு தட்டை முடித்த பிறகுதான் அடுத்தது வந்தது. கோலா உருண்டை வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு. எழுந்துவரவே மனமில்லை. அதை நம்பி அக்கா குடும்பத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப்போனேன். சொன்ன பதினோரு தட்டும் ஒரே நேரத்தில் வந்து இறங்கியது. மேசையில் இடமில்லை. மீனைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் மூளை ஆறிவிட்டது, உருண்டையில் எண்ணெய் சொட்டியது. மாமா பில்லைப் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் பீடாக் கடைக்குப் போய்விட்டார். அதே சமையல், அதே ஆட்கள். எனக்கு மட்டும்தான் இப்படி நடந்ததா?

ஆம்பூரான்:
உங்களுக்கு மட்டும் இல்லை. நான்கு பேர் போகிறோம், தட்டில் மூன்று இறால். நான்காவது ஆள் வேடிக்கை பார்ப்பதா? விலை 280 ரூபாய். "பகிர்ந்து உண்ணும் அனுபவம்" என்று மெனு அட்டையில் போட்டிருக்கிறார்கள். மூன்றை நான்காக வெட்டிப் பகிர்வதுதான் அனுபவம் என்றால் எனக்கு வேண்டாம்.

எங்கள் ஊரில் அதே பணத்துக்கு சீரகச் சம்பா பிரியாணி, தால்சா, எண்ணெயில் வெந்த கத்தரிக்காய், வெங்காயத் தயிர், எல்லாம் வரும். வயிறும் நிறையும், மனசும் நிறையும். இந்த ஓட்டலில் முடித்துவிட்டு வெளியே வந்து பசங்களுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன் என்றால் நம்புவீர்களா?

விடுதி மாடி:
ஆம்பூர் அண்ணா, நம்புகிறேன். ஆனால் நீங்கள் பசியோடு போயிருக்கிறீர்கள். அது பசிக்குப் போகிற இடம் இல்லை. நாங்கள் வி.ஐ.டி.யில் படிக்கிற நான்கைந்து பேர், மாதக் கடைசியில் காசு போட்டுப் போவோம். ஆறு மணிக்கே ஆளுக்கு ஒரு பன் பட்டர், டீ முடித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவோம். அப்புறம் ஒவ்வொரு தட்டாகச் சொல்லி இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசுவோம். யாரும் எழுப்பிவிட்டதில்லை, அதாவது வாரநாளில். ஒடிசாக்காரன், மலையாளி, ராய்ப்பூர்க்காரன் எல்லோரும் இருக்கிற கூட்டத்தில் ஆளுக்கொரு பிரியாணி சொல்வதைவிட, தெரியாத எட்டு ஐட்டத்தை ருசி பார்ப்பது எங்களுக்குப் பிடித்திருக்கிறது. இறால் விலை அநியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். நாங்கள் அதைச் சொல்வதே இல்லை.

முள்ளுக்கத்தரி:
என் பெயரைப் பார்த்தாலே எதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்று தெரிந்திருக்கும். அங்கே இருக்கிற கத்தரிக்காய்த் தட்டைப் பற்றி யாருமே வாய் திறக்கவில்லையே! இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய். நம் வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஊர்ப் பக்கத்துக் காய், 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பிலும் இலையிலும் முள் இருக்கும், பறிக்கிறவர் கை கிழியும், ஆனால் வெந்தால் வெண்ணெய் போலக் கரையும். கசப்பு எட்டிப்பார்க்காது.

அந்த ஓட்டலில் அதை முழுசாகக் கீறி, வேர்க்கடலையும் எள்ளும் காய்ந்த மிளகாயும் அரைத்து உள்ளே அடைத்து, புளி கொஞ்சமாக விட்டு, தோசைக்கல்லில் மூடிபோட்டு வேக வைக்கிறார்கள். காம்பை வெட்டுவதில்லை, அதைப் பிடித்துக்கொண்டே சாப்பிடலாம். 140 ரூபாய்க்கு மூன்று காய். என் அம்மா செய்வதற்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது என்று சொல்வேன். அம்மா இந்தத் தளத்தைப் படிப்பதில்லை, அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

ஒரே குறை. காய் வரத்து குறைவாக இருக்கும்போது வேறு ரகத்தைப் போட்டுவிடுகிறார்கள், விலை மட்டும் குறைவதில்லை. விதை கடுக்கென்று பல்லில் படும்போதே தெரிந்துவிடும். கேட்டால் "இன்றைக்கு அந்தக் காய் வரவில்லை சார்" என்று உண்மையைச் சொல்கிறார்கள். கேட்காவிட்டால் சொல்வதில்லை.

தோட்டப்பாளையம் அக்கா:
சைவக்காரர்கள் யாராவது போனீர்களா? நான் அம்மாவை அழைத்துப்போனேன். வாழைப்பூ வடை, பனீர், காளான் என்று சைவத் தட்டு நிறையவே இருக்கிறது. சொல்வதற்கு முன் பரிமாறுகிற தம்பியிடம் "வடை பொரிக்கிற எண்ணெய் தனியா?" என்று கேட்டேன். பாவம், பொய் சொல்லவில்லை. "ஒரே எண்ணெய்ச் சட்டிதான் அக்கா, கோலாவும் அதில்தான்" என்றான். அம்மா அதற்கப்புறம் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மெனுவில் பச்சைப் புள்ளி வைத்துவிட்டு ஒரே சட்டியில் பொரித்தால் அந்தப் புள்ளிக்கு என்ன அர்த்தம்?

இன்னொன்று, எச்சில் விஷயம். நடுவில் ஒரு தட்டு, அதற்கென்று பரிமாறும் கரண்டி கிடையாது. சாப்பிடுகிற கையோடு எல்லோரும் அதிலேயே எடுக்க வேண்டும். வீட்டுக்குள் பரவாயில்லை. மாப்பிள்ளை வீட்டார், அலுவலகத்து ஆட்கள் என்று போனால் எப்படி? கரண்டி கேட்டோம், மூன்றாவது தடவை கேட்ட பிறகு ஒன்று வந்தது. ஒன்று!

மேல்விஷாரத்தான்:
அக்கா, எண்ணெய் விஷயத்தில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. எச்சில் விஷயத்தில் வீட்டுக்கு வீடு பழக்கம் வேறு. என் மனைவி காயல்பட்டினம். அங்கே கல்யாண விருந்து என்றாலே சஹன்தான், பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். அவளுக்கு இந்த ஓட்டல் மிகவும் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் சஹனில் சோறு மலையாக இருக்கும். இங்கே மூன்று துண்டுக்கு ஐந்து கை நீள்கிறது. கடைசித் துண்டை யார் எடுப்பது என்று எல்லோரும் மரியாதை பார்த்து, அது ஆறிப்போய்த் திரும்பிப் போகும்.

கடுகு மீனைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வருகிற வங்காளக் குடும்பங்களுக்காக அந்தச் சுற்றுத் தெருக்களில் லாட்ஜும் மெஸ்ஸும் எத்தனை இருக்கின்றன, பலகையெல்லாம் வங்காள எழுத்தில். அந்த மெஸ் மீன் குழம்பின் வாசனை நமக்குப் பழகியதுதான். அதே கடுகு விழுதை இவர்கள் கட்லா மீனில் தடவி, வாழையிலையில் சுற்றிக் கல்லில் வைத்துக் கொடுக்கிறார்கள். வேலூரில் மட்டும் தோன்றக்கூடிய தட்டு இது. மூக்கில் சுள்ளென்று ஏறும். முள்ளும் உண்டு, குழந்தைகளுக்குப் பார்த்துக் கொடுங்கள்.

அடுப்படி ஆள்:
நான் இந்த ஓட்டல்காரன் இல்லை, அங்கே வேலை செய்ததும் இல்லை. ஆனால் பெங்களூரில் இதே பாணி ஓட்டலின் சமையலறையில் இருந்திருக்கிறேன், இப்போது ராணிப்பேட்டையில் சொந்தமாகச் சின்னதாக கேட்டரிங் நடத்துகிறேன். பாலாற்றங்கரை கேட்டதற்குப் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

தட்டுகள் மொத்தமாக வருவதற்குக் காரணம் இதுதான். கல், எண்ணெய்ச் சட்டி, கரி அடுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஆள். உங்கள் ஆர்டர் சீட்டு உள்ளே போனதும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பிப்பார்கள். நடுவில் ஒருவர் நின்று "ஏழாம் மேசைக்கு இப்போது வறுவல் வேண்டாம், பத்து நிமிடம் கழித்துப் போடு" என்று கட்டுப்படுத்த வேண்டும். வாரநாளில் அதைத் தலைமைச் சமையல்காரரே பார்த்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை அவரும் கரண்டி பிடித்துக்கொண்டிருப்பார், கட்டுப்படுத்த ஆள் இருக்காது. முடிந்ததெல்லாம் வெளியே வரும். வாசலில் ஆள் காத்திருக்கும்போது மேசை சீக்கிரம் காலியானால் முதலாளிக்கும் நல்லதுதானே. அதையும் மறைக்க வேண்டாம்.

உருண்டையில் எண்ணெய் சொட்டியதும் அதே கூட்டத்தால்தான். எண்ணெய் 175, 180 டிகிரிச் சூட்டில் இருந்தால் மேல்தோல் உடனே இறுகி எண்ணெயை உள்ளே விடாது. ஒரே தடவையில் முப்பது உருண்டையைக் கொட்டினால் சூடு சட்டென்று இறங்கிவிடும். அப்புறம் அது பொரிவதில்லை, எண்ணெயில் ஊறுகிறது. சாயங்காலமே பிசைந்து வைத்த கறியில் உப்பு சேர்ந்து தண்ணீர் விட்டிருந்தால் இன்னும் மோசம், பொட்டுக்கடலை மாவை அள்ளி அள்ளிப் போட்டு உருட்டுவார்கள், உருண்டை கல்லாகிவிடும்.

விலைக்கு வருகிறேன். ஓட்டல் தொழிலில் பொருள் செலவு விற்பனை விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. மீதியில் சம்பளம், வாடகை, கேஸ், கரண்ட், அப்புறம் லாபம். ஒரு அண்டா பிரியாணியை ஒரு மாஸ்டர் ஒரு தடவை தம் போட்டால் நூறு பேர் சாப்பிடுவார்கள். மூன்று இறாலைப் பக்குவம் பார்த்து எடுக்க ஒரு ஆள் அடுப்பு முன்னால் நின்றே ஆக வேண்டும். ஒரு வாய்க்கு எவ்வளவு ஆள் கூலி என்று பார்த்தால் சின்னத் தட்டுதான் செலவு அதிகம்.

ஆனால் மூன்று துண்டு வைப்பதற்கு இதெல்லாம் சாக்கு ஆகாது. மேசையில் எத்தனை பேர் என்று பார்த்து, ஆளுக்கு ஒன்றாகத் துண்டைக் கூட்டி விலையையும் கூட்டிக் கொடுக்கலாம். நாங்கள் பெங்களூரில் அப்படித்தான் செய்தோம். பில் மெஷினில் ஒரு பட்டன் சேர்க்கிற வேலை, அவ்வளவுதான்.

அக்கா சொன்ன ஒரே எண்ணெய்ச் சட்டி, சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டுமான பிரச்சினை இல்லை. மீன், கறி, வடை எல்லாம் மாறி மாறிப் பொரித்தால் எண்ணெய் சீக்கிரம் கெடும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்கிற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி 2018 ஜூலையிலிருந்து, எண்ணெயில் போலார் காம்பவுண்ட், அதாவது திரும்பத் திரும்பப் பொரிக்கும்போது எண்ணெய் சிதைந்து உண்டாகிற பொருட்கள், 25 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் அதை மறுபடி சமைக்கப் பயன்படுத்தக் கூடாது. அளந்து பார்க்கக் கருவி இருக்கிறது. சின்ன ஓட்டல்களில் நான் அதைக் கண்ணால் பார்த்ததில்லை.

ஆம்பூரான்:
விளக்கம் நன்றாக இருக்கிறது, நன்றி. ஆனால் ஒரு அண்டாவுக்கு ஒரு ஆள் என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். அரிசியை முக்கால் பதம் வடிப்பது, மிளகாய் விழுதைக் கருகாமல் வதக்குவது, மூடி மேல் கரித்தணலை அளவாகப் போடுவது, இதில் எது தப்பினாலும் நூறு பேர் சாப்பாடும் போச்சு. மூன்று இறால் கருகினால் மூன்று இறால்தான் நஷ்டம்.

அடுப்படி ஆள்:
சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். தம் மாஸ்டருக்குத் தைரியம் அதிகம்.

கணக்குப்பிள்ளை:
சாப்பாட்டுச் சண்டையை நீங்கள் பாருங்கள், நான் பில்லைப் பார்க்கிறேன். அங்கே பில்லில் "சர்வீஸ் சார்ஜ் 10%" என்று ஒரு வரி வருகிறது. எத்தனை பேர் கவனித்தீர்கள்? அது வரி இல்லை, கட்டாயமும் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4ஆம் தேதியே, எந்த ஓட்டலும் தானாக பில்லில் இதைச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. ஓட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28ஆம் தேதி அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பு சொல்லிவிட்டது.

அதனால் "இதை எடுத்துவிட்டு வேறு பில் கொடுங்கள்" என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. பேனாவால் அடித்துத் தருவதை வாங்காதீர்கள், புது பில் கேளுங்கள். சர்வீஸ் சார்ஜையும் கூட்டி அதன் மேல்தான் ஜி.எஸ்.டி. போட்டிருப்பார்கள், அதுவும் குறைய வேண்டும் இல்லையா? தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். நான் கேட்டேன், முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். அப்படியென்றால் கேட்காதவர்களிடம் மட்டும் வாங்குகிறார்கள் என்றுதானே அர்த்தம்? அதுதான் எரிச்சல்.

ஜி.எஸ்.டி. 5 சதவீதம் சரியானதுதான், இரண்டரை மத்திய அரசுக்கு, இரண்டரை மாநிலத்துக்கு. மற்றபடி சின்னக் கடைகளில் ஒன்றைப் பாருங்கள். காம்போசிஷன் திட்டத்தில், அதாவது சின்ன வியாபாரிகள் மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டுகிற முறையில் இருக்கிற ஓட்டல் வாடிக்கையாளரிடம் ஜி.எஸ்.டி. என்று தனியாக வாங்கவே முடியாது, தன் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். பில்லிலேயே அதை எழுதியிருக்க வேண்டும்.

சத்துவாச்சாரி:
அப்படியென்றால் 20 ரூபாய் தண்ணீர் பாட்டிலுக்கு 50 ரூபாய் வாங்கினார்களே, அதையும் 1915க்குச் சொல்லலாமா?

கணக்குப்பிள்ளை:
அதில் உங்களுக்குச் சாதகம் இல்லை. உட்கார்ந்து சாப்பிடுகிற ஓட்டலில் எம்.ஆர்.பி.க்கு மேல் விற்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இடம், சேவை எல்லாம் சேர்ந்த விற்பனை என்பது அவர்கள் கணக்கு. பாட்டிலை மேசையில் வைக்கும்போதே "சாதாரணத் தண்ணீர் போதும்" என்று சொல்லிவிடுங்கள். ஜக்கில் கொண்டுவந்து வைக்கிறார்கள்.

நெறியாளர்:
இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஒன்றில் பரிமாறுகிற பையனின் பெயரும் போட்டோவும் இருந்தது. இன்னொன்றில் முதலாளியின் சாதியை இழுத்திருந்தார்கள். சாப்பாட்டைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளுங்கள்.

விடுதி மாடி:
பரிமாறுகிற ஆட்களைப் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும். பாதிப் பேர் எங்களைப் போலப் படிக்கிற பசங்கள், சாயங்கால வேலைக்கு வருகிறவர்கள். "ஆளுக்கு மூன்று தட்டு சொல்லுங்கள்" என்று சொல்லச் சொல்லி அவர்களுக்கு உத்தரவு. ஆளுக்கு இரண்டு தாராளம். அந்த சர்வீஸ் சார்ஜ் அவர்கள் கைக்குப் போகிறதா என்று கேட்டேன், சிரித்துவிட்டுப் போய்விட்டான். டிப்ஸ் கொடுப்பதானால் கையில் கொடுங்கள்.

ஆற்காடு பேட்டை:
இனிப்பை விட்டுவிட்டீர்கள். மக்கன் பேடாவைக் கோலிக்குண்டு அளவுக்குச் செய்து, மேலே வெனிலா ஐஸ்கிரீம் வைத்துத் தருகிறார்கள். எங்கள் ஊர்க்காரன் எவனும் இதை ஒத்துக்கொள்ள மாட்டான். மக்கன் பேடாவின் ருசியே அதன் அளவில் இருக்கிறது. கோவாவும் மைதாவும் பிசைந்து, நடுவில் பருப்புகளை வைத்து, தட்டையாகத் தட்டி, மெல்லிய சூட்டில் நிதானமாகப் பொரித்து, பாகில் ஊறவிட வேண்டும். பெரிசாக இருந்தால்தான் உள்ளே பருப்புக்கு இடம் இருக்கும். கோலிக்குண்டில் எங்கே பருப்பு? அது வெறும் ஜாமூன். 160 ரூபாய் ஜாமூன்.

முள்ளுக்கத்தரி:
எனக்கு அது பிடித்திருந்தது. சர்க்கரை இருக்கிற எனக்கு முழுப் பேடா சாப்பிட முடியாது, இரண்டு கோலிக்குண்டு என்றால் வீட்டில் விடுகிறார்கள். உங்களுக்குப் பருப்பு போனது வருத்தம், எனக்குப் பேடா கிடைத்தது சந்தோஷம்.

பாலாற்றங்கரை:
அடுப்படி ஆள் சொன்னதைக் கேட்டு, முதலில் மூன்று தட்டு மட்டும் சொன்னேன், அது முடிந்த பிறகு அடுத்த மூன்று. சனிக்கிழமையாக இருந்தும் ஓரளவு சூடாக வந்தது. ஆனால் இரண்டாவது ஆர்டர் எடுக்க ஆள் திரும்பி வர இருபது நிமிடம் ஆனது, அதற்குள் மகன் தூங்கிவிட்டான். "துண்டைக் கூட்டித் தருவீர்களா" என்று கேட்டதற்கு "சார், அப்படி இல்லை" என்று ஒரே பதில். இறாலுக்கு மட்டுமாவது செய்யலாம்.

கீழ்மொணவூர் புதியவன்:
இப்போதுதான் சேர்ந்தேன். தங்கச்சிக்கு நிச்சயம் முடிகிற நாள் இரவு, இரண்டு வீட்டார் சேர்ந்து பதினான்கு பேர். மாப்பிள்ளை இந்த ஓட்டல் ஆசைப்படுகிறார். போகலாமா? மாப்பிள்ளையின் பாட்டி சைவம்.

தோட்டப்பாளையம் அக்கா:
தம்பி, மேலே நான் எழுதியதைப் படித்த பிறகும் பாட்டியை அழைத்துப்போவாயா? சம்பந்தி வீட்டார் முன்னால் ஒரே தட்டில் பதினான்கு கை. வேண்டாம்.

அடுப்படி ஆள்:
பதினான்கு பேருக்கு ஆளுக்கு இரண்டு தட்டு என்றாலே இருபத்தெட்டு. அவர்களிடம் இருப்பது நான்கு பேர் உட்காரும் மேசைகள்தான், சேர்த்துப் போட்டாலும் நடுவில் வைக்கிற தட்டு ஓரத்தில் இருப்பவர்களுக்கு எட்டாது. மாப்பிள்ளை, தங்கச்சி, இளவட்டம் ஒரு ஐந்து பேரை வேறொரு செவ்வாய், புதன் அனுப்புங்கள். நிச்சயத்துக்கு வீட்டிலேயே பிரியாணி, பாட்டிக்குத் தனியாக இலைச் சாப்பாடு.

கீழ்மொணவூர் புதியவன்:
வீட்டில் பேசிவிட்டேன், அப்படித்தான் முடிவாகியிருக்கிறது. மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் முகம் சுருங்கியது, புதன்கிழமை என்றதும் சரியாகிவிட்டார். ஆம்பூர் அண்ணா, பாட்டி போகப் பதின்மூன்று பேருக்கு எவ்வளவு பிரியாணி சொல்வது?

ஆம்பூரான்:
ஒரு கிலோ அரிசி எட்டிலிருந்து பத்து பேருக்கு வரும். விசேஷ வீடு, இரண்டு கிலோவாகச் சொல்லிவிடு, மீந்தால் காலையில் பசங்கள் முடித்துவிடுவார்கள். அரிசிக்குச் சமமாகக் கறி, ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ, இதை வாய்விட்டுச் சொல். மாஸ்டர்கள் கேட்காவிட்டால் குறைத்துவிடுவார்கள். சீரகச் சம்பாதான் வேண்டும் என்றும் சொல். கத்தரிக்காயும் தயிரும் விலைக்குள் அடக்கமா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே கேட்டுக்கொள்.

முள்ளுக்கத்தரி:
கத்தரிக்காயை மாஸ்டரிடம் விடாதே தம்பி. இலவம்பாடிக் காய் இரண்டு கிலோ நீயே வாங்கிக் கொடுத்துவிடு. அணைக்கட்டுப் பக்கம் காலையில் போனால் கிடைக்கும்.